மாமன் ஊட்டுல மாட்டின அஞ்சு பொட்டி

என் தாய்மாமனை எனக்குப் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்பவும் பிடிக்காது. செத்தவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்னு யாராவது சொன்னா, நான் பேசாம எந்திரிச்சு வெளியே போயிடுவேன். நாலு வார்த்தைக்கு நான் எங்கே போறது?

மலையாளத்துப் பக்கம் இருக்கிற சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்துல அவர் ஊடு. நெல்லு வயல், தென்னந்தோப்பு, கள்ளு இறக்க ஆளுங்க, நடுவுல வானம் தெரியற முத்தம் விட்டுக் கட்டின பெரிய ஓட்டு வீடு. எங்கம்மா அவருக்கு ஒரே தங்கச்சி. அம்மாவைக் கட்டிக் குடுத்தது எலப்புள்ளிப் பக்கம், எங்கப்பாவுக்கு. அப்பா கிணத்து மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். அப்பா இருந்த காலத்துல மாமன் எங்க ஊட்டுப் படி ஏறினது ரெண்டோ மூணோ தடவைதான். வந்தாலும் உக்கார மாட்டார். "கிரீஸ் ஒட்டிக்கும்"பார். அம்மா தலையைக் குனிஞ்சுட்டு நிப்பா.

அப்பா போனதுக்கப்புறம் நான் கோயமுத்தூர்ல ரெண்டு வருஷம் ரேடியோ ரிப்பேர் கத்துக்கிட்டு வந்து, சித்தூர்க் கடைவீதியில ஒரு கடையில உக்காந்தேன். எழுபதுகளோட நடு. எல்லாரும் ரேடியோ வாங்கிட்டிருந்த காலம். வால்வு போன செட்டு, முள்ளு நகராத செட்டு, உள்ளே பல்லி செத்துக் கிடக்கிற செட்டுன்னு தினமும் வந்துட்டே இருக்கும். கை சுத்தமான வேலைன்னு எனக்குப் பேரு. சும்மா சொல்லலை, நெசமாவே நல்லாச் செய்வேன்.

ஒரு நாள் மாமன் ஆள் அனுப்பினார், கையோட வரச் சொல்லி. போனேன். ஆசாரத்துல, அதாவது ஊட்டோட முன்கூடத்துல, புதுசா ஒரு பெரிய ரேடியோ. அதுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு இவர். என்னை உக்காருன்னு சொல்லலை.

"இது ஒன்னு. ஆனா அஞ்சு எடத்துல கேக்கணும். முடியுமா?"

"முடியுமுங்க மாமா. தனியா ஸ்பீக்கர் பொட்டி மாட்டி வயர் இழுத்தாப் போதும்."

"ஒவ்வொரு பொட்டிக்கும் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கேப்பானா?"

"இல்லீங்க. செட்டுக்கு மட்டுந்தான் லைசென்ஸ்."

அவர் மூஞ்சியில அன்னிக்குத்தான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அப்புறம் வெரலை மடக்கிச் சொன்னார். அவர் படுக்கிற அறை, நெல்லுப் போடுற அறை, மகளோட அறை, சமையக்கட்டு, மாட்டுச் சாளை. மாட்டுக்கு எதுக்குன்னு கேட்டேன். பாட்டுக் கேட்டா பால் கூடக் கறக்குதாம், யாரோ சொன்னாங்களாம். "ஆனா ஒன்னு. திருகறது நான் மட்டும். பொட்டியில எவளும் கையை வெக்கற மாதிரி எதையும் வெச்சுடாதே." சத்தத்தைக் குறைக்கக்கூட பொட்டியில ஒரு திருகு கூடாதுன்னுட்டார். அவர் சேதி கேட்டா ஊடே சேதி கேக்கணும். அவர் நிறுத்தினா எல்லாரும் நிறுத்தணும். மாடு உட்பட.

அந்த வருஷம் அந்த ஊட்டுல இருந்தது ஒரே ஒரு பிரச்சினைதான். அவர் மகள், டிகிரிக்கு முந்தின பிரீடிகிரி பாஸ் பண்ணிட்டு ஒரு வருஷமா ஊட்டுல உக்காந்திருந்தா. வயசு பத்தொன்பது. சித்தூர் காலேஜில மேல படிக்கணும், டிகிரி வாங்கணும், டீச்சராகணும். இது அவளுக்கு. படிச்சது போதும், கட்டிக் குடுக்கணும். இது மாமனுக்கு. அத்தை, அதாவது மாமன் சம்சாரம், வெளியே ஒன்னும் பேச மாட்டா, ஆனா உள்ளுக்குள்ள மகள் பக்கம். அந்த வருஷமும் போச்சுன்னா அப்புறம் அவ காலேஜைப் பார்க்கப் போறதில்லைங்கறது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்னும் எல்லாருக்கும் தெரியும். அவ எனக்கு முறைப்பொண்ணு. மாமன் மகள். எங்க ஜனத்துல அந்த முறைக்கு மேல ஒரு முறை கிடையாது. எனக்கு அவளைப் பிடிக்கும். சின்ன வயசுலேர்ந்தே பிடிக்கும். ஒரு நாளும் அவகிட்ட வாயைத் தொறந்து சொன்னதில்லை. முறை இருக்கறப்போ எதுக்குச் சொல்லணும்னு நினைச்சேன். மடையன்.

வேலை ஆரம்பிச்சேன். ஏணியை வெச்சு உத்தரத்தோரமா கிளிப் அடிச்சு வயரை ஓட்டணும். மாமன் கீழே கைத்தடியோட நிப்பார். "அங்கே அடிக்காதே, இது உங்கப்பன் கட்டின ஊடு இல்ல." "வயரு கோணலாப் போகுதுடா, உங்க பரம்பரைக்கே கோணல்தான்." நான் கிளிப்பைப் பல்லுல கடிச்சுட்டு அடிப்பேன். ஆணியில படுற ஒவ்வொரு அடியும் எங்கே படணும்னு எனக்குத் தெரியும். உச்சி வெயிலானா அத்தை வந்து ஏணிக்கடியில நிப்பா. "ஏஞ்சாமி, எறங்கி வந்து ரெண்டு வாய் சாப்புட்டுப் போட்டு ஏறு. வயரு எங்கேயும் ஓடிப்போகாது." சுடுசோறு, புளிக்குழம்பு, மோரு. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னு, போதும்னு சொன்னா இன்னொரு கரண்டி போடுவா. அப்பா தவறின வருஷம் எங்க ஊட்டுக்கு நெல்லும் தேங்காயும் மாமனுக்குத் தெரியாம அனுப்பினதும் அவதான். இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் என்ன செஞ்சேன்னு முழுசாத் தெரியணும்.

நாலு பொட்டி மாட்டி முடிச்சுட்டேன். சமையக்கட்டுப் பொட்டி மட்டும் பாக்கி. மாமன் கூப்பிட்டார். அன்னிக்குத்தான் முதல் தடவையா "உக்காருடா மாப்பிள்ளை"ன்னார். மாப்பிள்ளை!

"இங்கே பேசறதை அந்தப் பொட்டி அங்கே சொல்லுதில்ல? அங்கே பேசறதை இங்கே சொல்ல வெக்க முடியுமா?"

கோயமுத்தூர்ல ஒரு மில்லு ஆபீஸ்ல இந்த மாதிரி பார்த்திருக்காராம். முதலாளி உக்காந்த எடத்துல இருந்து அடுத்த ரூம்ல பேசறதைக் கேட்டாராம்.

"எதுக்குங்க மாமா?"

"ஆத்தாளும் மகளும் எந்நேரமும் அடுப்புக்கிட்ட குசுகுசுன்னுட்டு இருக்காளுக. நான் போனா வாயை மூடிக்கிறாளுக. எனக்குப் பின்னால என்னமோ நடக்குது. முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு."

முடியாதுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது கதை. அவருக்கு என்ன எழவு தெரியும்? வால்வுக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன். நான் முடியாதுன்னா முடியாதுதான். ஆனா முடியாதுன்னா, "உனக்குத் தெரியாதுன்னு சொல்லு"ம்பார். கிரீஸ் கைக்காரன் மகன் வேற எப்படி இருப்பான்னு நினைப்பார். நான் யோசிச்சுட்டு நின்னப்போ அவரே சொன்னார். "இதைச் சுத்தமாச் செஞ்சு குடு. பொண்ணு விசயமும் பேசி முடிச்சுடலாம். வெளியே எங்கேயோ தேடறதுக்கு நீ இருக்கே."

"முடியுமுங்க மாமா"ன்னேன்.

வேலை ஒன்னும் பிரமாதமில்லை. ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள ஒரு காகிதக் கூம்பு இருக்கு. அது ஆடினா சத்தம் வருது. அதே கூம்புக்கு முன்னால யாராவது பேசினா, அந்தப் பேச்சுக்கும் அது ஆடும். ஆடினா வயருல துளியூண்டு கரண்டு கிளம்பும். அதை ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியா ரேடியோவுக்குப் பின்னாடி கிராமபோன் செருகற ஓட்டையில விட்டா, ரேடியோ அதைப் பெருசாக்கிப் பேசிடும். நடுவுல ஒரு சுவிச்சு. மேலே தள்ளினா எல்லாப் பொட்டியிலயும் பாட்டு. கீழே தள்ளினா எல்லாப் பொட்டியும் ஊமையாகும், சமையக்கட்டுல பேசறது ஆசாரத்து ரேடியோவுல மட்டும் வரும்.

டிரான்ஸ்பார்மர் வாங்கக் கோயமுத்தூர் போனேன். திரும்பி வரும்போது வாளையார் செக்போஸ்ட்ல லாரிக்குப் பின்னால லாரியா நின்னு, பஸ்ஸு ஒரு மணி நேரம் நகரலை. மடியில அந்தச் சாமானத்தை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அதைத் தூக்கி ரோட்டோரக் குழியில வீச ஒரு மணி நேரம் கிடைச்சுது. நான் அந்த ஒரு மணி நேரமும் கல்யாணத்துக்கு எந்தச் சட்டை தைக்கலாம்னு யோசிச்சுட்டிருந்தேன்.

பொட்டியை அடுப்புக்கு மேலே, அலமாரிக்குப் பக்கத்துல மாட்டினேன். "இனி நீங்க பாட்டுக் கேட்டுட்டே சமைக்கலாங்க அத்தை"ன்னேன். அவ பொட்டியைத் தொட்டுப் பார்த்துட்டு, "எம்பட சமையக்கட்டுக்குக்கூடப் பாட்டு வந்துருச்சு"ன்னு சிரிச்சா. என் மூஞ்சியில அப்ப ஒன்னுமே தெரிஞ்சிருக்காது. அதை நினைச்சாத்தான் இப்ப எனக்கு என் மேலேயே கோபம் வருது.

மாமன் வயலுக்குப் போயிருந்தார். சரியா வேலை செய்யுதான்னு பார்க்க நான் ஆசாரத்துல நின்னு சுவிச்சைக் கீழே தள்ளினேன். கொஞ்சம் இரைச்சல். அப்புறம் பாத்திரச் சத்தம். அப்புறம் மாமன் மகள் குரல், பக்கத்துல நின்னு பேசற மாதிரி.

"காலேஜ் அபேக்ஷை பாரத்தை எங்கேம்மா வெச்சே?"

"மொளகா டின்னுக்கு அடியில. உங்கப்பன் அந்தப் பக்கமே வர மாட்டாரு." அத்தை கரண்டியைத் தட்டி வெக்கற சத்தம். அப்புறம், "ஏஞ்சாமி, மச்சானைக் கட்டிக்கச் சொன்னா என்ன சொல்லுவே?"

நான் ரேடியோவை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டேன்.

"மச்சானா? நல்ல மனுசந்தான். வேலை சுத்தமாச் செய்யறாரு. அதுக்குன்னு கட்டிக்க முடியுமா? எனக்குப் படிக்கணும்மா. வேற ஒன்னும் வேண்டாம்." அப்புறம் ஒரு சிரிப்பு. "ஏணியில ஏறி எறங்கறதைப் பார்த்தா பாவமா இருக்கு. நம்மூட்டு வேலையாளு மாதிரியே அப்பா வெரட்டறாரு."

சுவிச்சை மேலே தள்ளினேன். பாட்டு வந்துது. பாவமாம்! என்னைத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அவளுக்கு இஷ்டமில்லைன்னு என் காதால கேட்டாச்சு. நியாயமா என்ன செய்யணும்? அந்த வயரைப் பிடுங்கிப் போட்டுட்டு, மாமா இது வேலைக்காகாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கணும். நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, மாமனை உக்கார வெச்சு, இப்படித் தள்ளுங்க அப்படித் தள்ளுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். படிக்கணுமாம், படிக்கட்டும் பார்க்கலாம்னு ஒரு கறுவல். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாகும், நானே படிக்க வெப்பேன்னு ஒரு பொய்யை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு அம்மா அங்கே போயிட்டு வந்தா. நான் சாப்பிட்டுட்டு இருந்தேன்.

"அண்ணனுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ! நேரா சமையக்கட்டுக்குள்ள போயி, மொளகா டின்னைத் தூக்கி, அந்த அபேக்ஷையை எடுத்து அடுப்புல போட்டுட்டானாம். புள்ள ரெண்டு நாளாச் சோறு தின்னலை."

நான் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்டேன்.

அது முதல் தடவை. அப்புறம், பொண்ணு அவளோட பழைய டீச்சருக்கு எழுதின கடுதாசி தபால்பெட்டிக்குப் போகிற வழியிலயே பிடிபட்டுது. அத்தை, மகளைத் தன் அண்ணன் ஊட்டுக்கு அனுப்பி அங்கிருந்து காலேஜுக்கு விடலாம்னு திட்டம் போட்டா. கிளம்பற அன்னிக்கு மாமன் வாசப்படியில நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டார். யாரு இதையெல்லாம் சொல்றாங்கன்னு அத்தைக்குப் புரியலை. அந்த ஊட்டுல பாத்திரம் தேச்சுப் பெருக்கிக் குடுக்க ஒரு பொம்பளை இருந்தா. பத்துப் பன்னெண்டு வருஷமா இருக்கிறவ. அத்தை அவளைத்தான் சந்தேகப்பட்டா. "எங்க உப்பைத் தின்னுட்டு எங்களுக்கே கோள் மூட்டறியா"ன்னு கேட்டு, அழ அழ வெளியே அனுப்பிட்டா. அதையும் அம்மாதான் வந்து சொன்னா. அன்னிக்கும் நான் வாயைத் தொறக்கலை.

ஆனி முடியப் போகுது, ஆடி பொறக்கறதுக்கு முன்னால வெத்தலை மாத்திடலாம்னு மாமன் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்குத் தலைகால் புரியலை. அண்ணன் தன்னை மதிச்சுப் பொண்ணைக் குடுக்கறான்னு அவ கண்ணு கலங்கினதை நான் பார்த்தேன். அவ சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்னு அப்ப நினைச்சுக்கிட்டேன். எல்லாத்துக்கும் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சுட்டே இருந்துது, கேளுங்க.

எங்க பக்கம் ஒரு முறை உண்டு. வெத்தலை பாக்குத் தட்டு மாத்தறதுக்கு முன்னால, ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மூணு தடவை கேப்பார். முதல்ல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களைப் பார்த்து, "சம்மதமுங்களா?" அப்புறம் பொண்ணோட அப்பனைப் பார்த்து, "சம்மதமுங்களா?" இவங்க ரெண்டு பேரும் சம்மதமுங்கம்பாங்க. மூணாவது தடவை உள்கதவைப் பார்த்து, "ஊட்டுக்குள்ள எல்லாத்துக்கும் சம்மதமுங்களா?" அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. பொண்ணு ஊட்டுப் பொம்பளைங்க, ஆம்பளைங்க கூடின ஆசாரத்துக்கு வரவும் மாட்டாங்க, அங்கே கேக்கற மாதிரி குரல் விடவும் மாட்டாங்க. பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். மறுசொல் வராட்டி சம்மதம். வந்தா தட்டு மாறக்கூடாது. ஆனா வந்ததா நான் எந்த ஊட்டுலயும் கேள்விப்பட்டதில்லை.

அன்னிக்கு ஜமக்காளம் விரிச்சு ரெண்டு பக்கமும் ஆளுங்க. எங்க பக்கம் எங்கம்மாதான் முன்னால. அப்பா இல்லாததால தட்டு வாங்க அவ வந்துதான் ஆகணும். நான் புதுச் சட்டையில, ரேடியோவுக்குப் பக்கத்துல. பாட்டு ஓடிட்டிருந்துது. மாமனுக்கு வாய் சும்மா இருக்கலை. வந்தவங்ககிட்ட அஞ்சு பொட்டியையும் காட்டி முடிச்சாச்சு, மாட்டுச் சாளை வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டியாச்சு. அப்புறமும் போதலை.

"பெரியவரே, இன்னொன்னு பாருங்க. இங்கே உக்காந்த எடத்துல, சமையக்கட்டுல காப்பி கொதிக்கறது எனக்குக் கேக்கும்."

நான் வேண்டாமுங்க மாமான்னு வாயெடுக்கறதுக்குள்ள சுவிச்சைக் கீழே தள்ளிட்டார். பாட்டு நின்னுது. இரைச்சல். அப்புறம் டம்ளர் வெக்கற சத்தம், கரண்டி உரசற சத்தம், யாரோ தொண்டையைச் செருமற சத்தம். ஆளுங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டுச் சிரிச்சாங்க. மாமன் ஒரு சுத்து வீங்கிப் போனார்.

"என் ஊட்டுல எவ என்ன பேசுனாலும் எனக்குத் தெரியாமப் போகாதுங்க."

"நாம பேசறது அவிங்களுக்குக் கேக்குமா?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

"அது எதுக்கு அவளுகளுக்கு?"

அதுக்கும் ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன்.

பெரியவர் தட்டை முன்னால இழுத்து வெச்சார். எங்கம்மாவைக் கேட்டார். "சம்மதமுங்க." மாமனைக் கேட்டார். "சம்மதமுங்க." மாமன் சுவிச்சை மேலே தள்ளலை. தள்ளணும்னு அவருக்குத் தோணவே இல்லை. பெரியவருக்கு விளையாட்டு. "இந்தத் தடவைதான் நெசமாவே கேட்டுப் போடலாமுங்க"ன்னு சிரிச்சுட்டு, உள்கதவைப் பார்த்துக் குரலைத் தூக்கினார்.

"ஊட்டுக்குள்ள எல்லாத்துக்கும் சம்மதமுங்களா?"

"சம்மதம் இல்லீங்க."

ரேடியோ சொல்லிச்சு. அத்தை கத்தலை. அழலை. அடுப்பைப் பார்த்துட்டே, காய் நறுக்கிட்டே பேசற குரல். மாமன் எந்திரிச்சு ரேடியோவுக்கு வந்தார். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க. கேட்டது நான். பதில் எனக்கு வருது."

"பெத்தவ சொல்றேனுங்க. பொண்ணுக்கும் சம்மதம் இல்லீங்க, எனக்கும் இல்லீங்க. அவளுக்குப் படிக்கணும். மறுக்கா ஒரு அபேக்ஷை நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனுங்க. சீட்டுக் குடுத்துட்டாங்க. இந்தப் பொட்டியில பாட்டு நின்னா இவரு காதை வெச்சுட்டாருன்னு அர்த்தம். பத்து நாளைக்கு முன்னாலதான் எனக்கு அது புரிஞ்சுது. இப்ப பாட்டு நின்னுருக்கு, அதனால பேசறேன். முன்னாலயே புரியாமப் போச்சு. ஒரு பாவமும் அறியாத பொம்பளையைக் கோள் சொல்றவன்னு சொல்லித் தொரத்திப்போட்டேன்."

அப்புறம் காய் நறுக்கற சத்தம் மட்டும் வந்துது. நான் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

"மாப்பிள்ளை மேல வருத்தம் இல்லைன்னு சொல்லணும்னுதான் பார்த்தேன். முடியலீங்க. எங்கையால சோறு வாங்கித் தின்னுட்டு, மேலே ஏறி, எம்பட அடுப்புக்கு மேலயே காது வெச்சுட்டுப் போனான். அவனுக்கு எம்புள்ளையைக் குடுக்க மாட்டேன்."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பிச்சு. பூமி பிளந்து உள்ளே போகணும்னு சொல்லுவாங்களே, அது பொய். அந்த மாதிரி நேரத்துல ஒன்னும் பிளக்காது. நீங்க நின்ன எடத்துலயே நிப்பீங்க, எல்லாரும் பார்ப்பாங்க.

பெரியவர் தட்டைப் பின்னால தள்ளினார். "மறுசொல் வந்துருச்சு. தட்டு மாறாது. பொண்ணு காலேஜுக்குப் போகட்டும்." மாமனைப் பார்த்து, "இனி இதைக் கிளப்பினா உங்களுக்குத்தான் கேவலம்"னார். மாமன் என் சட்டையைப் பிடிச்சு உலுக்கினார். "நீ வெச்ச சாமானம்டா! உன்னால என் மானம் போச்சு!" வந்தவங்கள்ல ஒருத்தர்கூட அவரை ஒரு வார்த்தை கேக்கலை. அவர் ஊடு, அவர் சம்சாரம், ஒட்டுக்கேட்டார், அதுல என்னங்கற மாதிரி. நீ எதுக்குடா செஞ்சு குடுத்தேன்னு என்னைத்தான் கேட்டாங்க. இந்த நியாயத்தை நினைச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது. ஆனா நான் அவருக்குப் பணிஞ்சு செய்யலை, ஆசைப்பட்டுச் செஞ்சேன்.

மாமன் மகள் அந்த மாசமே காலேஜில சேர்ந்தா. டிகிரி முடிச்சா, டீச்சராவும் ஆனா. மாமன் எல்லா வயரையும் பிடுங்கிப் போட்டார்னு கேள்வி. அதுக்கப்புறம் அத்தைகிட்ட வருஷக்கணக்கா முகம் குடுத்துப் பேசலையாம். அத்தை அதை ஒரு பொருட்டாவே எடுத்துக்கலைன்னு அம்மா சொன்னா. தொரத்தின பொம்பளையை அத்தையே அவ ஊட்டுக்குப் போய்க் கூப்பிட்டா. அவ வரலை.

மறுசொல் வந்த அன்னிக்கு அம்மா எங்க தட்டை எடுத்துட்டு எந்திரிச்சா. தன் அண்ணனைப் பார்க்கலை. பஸ்ஸுக்கு வரப்போரமா நடந்தோம். அவ முன்னால, நான் பின்னால. வாய்க்காலைத் தாண்டினோம். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டா.

"அவளுக்கு இஷ்டமில்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவகிட்டக் கேட்டியா?"

"இல்ல. பொட்டியில கேட்டேன்."

அம்மா நின்னுட்டா. தட்டுல இருந்த தேங்காய் உருண்டு வரப்புல விழுந்துது. நான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன், அவ வாங்கலை. நான் பேச ஆரம்பிச்சேன். மாமன்தான் கேட்டார், மாமன்தான் ஆசை காட்டினார், அவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாதா, அப்பாவை என்ன பாடு படுத்தினார். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவ என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தா, யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி.

"உனக்கு எங்கண்ணன் சாடை"ன்னா. "நெத்தியும் மூக்கும் அப்படியே அவன்னு ஊருல எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அது ரொம்பப் பெருமையா இருந்துது. இனி யாராவது சொன்னா நான் எங்கே போய் மூஞ்சியை வெச்சுக்கறது?"